டிராகன் கதையை நன்னூல் கொண்டு அளப்பது எப்படி?

“எழுத்து மோசம்” என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதுகிறவர்களுக்கு எங்கள் வாசகர் வட்டத்தில் தேநீர் கிடையாது. “இத்தனை கோடிப் பேர் படித்திருக்கிறார்களே, எல்லோரும் முட்டாள்களா?” என்று எதிர்க்கேள்வி கேட்பவர்களுக்கும் கிடையாது. கிருஷ்ணகிரியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூடுகிறோம். வருகிறவர்களில் பலர் ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் இளைஞர்கள். கம்பெனி பஸ்ஸில் போகவும் வரவும் தடித்தடியான ஆங்கிலக் கற்பனைத் தொடர்களைப் படித்துத் தள்ளுகிறவர்கள். நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. டிராகன்களை எனக்கு அறிமுகப்படுத்தியவர்கள் அவர்கள். பதிலுக்கு நான் நன்னூல் என்ற இலக்கண நூலை எழுதிய பவணந்தியாரை அவர்களுக்கு அறிமுகப்படுத்தினேன். அந்தப் பண்டமாற்றில் உருவான விமர்சன முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றியது சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொண்டதால். கோலாரை ஒரு காலத்தில் தலைநகராகக் கொண்டிருந்த கங்கர் மரபில் வந்தவன் அவன். எங்கள் மாவட்டத்தின் வடக்கு எல்லையைத் தாண்டினால் கோலார் மாவட்டம்தான். ஆகையால் பாயிரத்தில் அவர் அடுக்கியிருக்கும் பத்துக் குற்றங்களை எங்கள் வட்டாரச் சொத்தாகவே பாவித்துக்கொள்கிறேன்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. இதை ஒரு தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் செருகிக்கொள்ளுங்கள். நூலுக்குச் சொன்ன குற்றங்களை மந்திரக் கதைக்குப் பொருத்தலாமா என்று பண்டிதர்கள் சண்டைக்கு வரக்கூடும். வரட்டும். “பிடிக்கவில்லை” என்று மட்டும் சொல்லத் தெரிந்த ஒருவருக்கு, எது பிடிக்கவில்லை என்று சொல்ல இந்தப் பத்துப் பெயர்கள் வாய் திறந்துவிடுகின்றன. எனக்கு அது போதும்.

முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடாதீர்கள். கதையோடு போங்கள். எந்த இடத்தில் பஸ் நிறுத்தத்தைத் தவறவிட்டீர்கள், எந்த இடத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினீர்கள் என்பது மட்டும் நினைவில் இருந்தால் நல்லது. இரண்டாம் வாசிப்பில்தான் வேலை. நூலகப் புத்தகமானால் தயவுசெய்து கோடு போடாதீர்கள். துண்டுத் தாள்களைச் செருகுங்கள். ஒவ்வொரு தாளிலும் பக்க எண், குற்றத்தின் பெயர், ஒரே ஒரு வாக்கியத்தில் காரணம். காரணம் எழுத வரவில்லை என்றால் அந்தத் தாளை எடுத்துவிடுங்கள்.

எங்கள் ஊர் மாங்காய் மண்டியில் ஒரு பழத்தை அறுத்துப் பார்த்துவிட்டுக் கூடை முழுவதற்கும் விலை சொல்வார்கள். தொடருக்கு அது செல்லாது. தொடக்கம், நடு, முடிவு மூன்றிலிருந்தும் சான்று வேண்டும். நான்கு நூல்கள் கொண்ட தொடரை முதல் நூலின் ஐம்பது பக்கங்களை வைத்து அடிப்பது சோம்பேறித்தனம். பாதியில் விட்டிருந்தால் “இந்த அத்தியாயம் வரை படித்தேன், இதனால் நிறுத்தினேன்” என்று எழுதிவிடுங்கள். அதற்கும் மதிப்பு உண்டு.

இனி மாறுகொளக் கூறல். கற்பனைத் தொடர்களில் விமர்சகருக்கு அதிகம் வேலை வைக்கும் குற்றம் இதுதான். முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது.

“அம்மா, டிராகனே பறக்கிற கதையில் போய் லாஜிக் பார்க்கலாமா?” என்று ஒரு தம்பி கேட்டான். அதற்கும் பவணந்தியாரிடமே பதில் இருக்கிறது. குற்றம் பத்தை அடுத்து அழகு பத்து என்று சொல்கிறார். அதில் ஒன்று ‘உலகம் மலையாமை’, அதாவது உலக வழக்கோடு முரண்படாமை. கற்பனைக் கதையில் உலகம் என்பது ஆசிரியர் தானே கட்டிய உலகம். டிராகன் பறக்கலாம், தீ கக்கலாம், மனத்தோடு மனம் பேசலாம். ஆனால் முதல் நூலில் விதித்த விதியை மூன்றாம் நூலில் மறக்கக் கூடாது. நம் ஊரின் புவியீர்ப்பு விசையைக் கொண்டுபோய் அங்கே நீட்டாதீர்கள். அந்தக் கதையின் சட்டப் புத்தகத்தையே எடுத்து அதன் முன்னால் வையுங்கள்.

எல்லோரும் அறிந்த உதாரணம், ஹாரி பாட்டர் வரிசையில் வரும் காலத்தைத் திருப்பும் கருவி. 1999இல் வந்த மூன்றாம் நூலில், ஒரே நேரத்தில் நடக்கும் வகுப்புகளுக்கெல்லாம் போவதற்காக ஹாரியின் தோழி ஹெர்மயனிக்கு அதைக் கொடுக்கிறார்கள். கடைசியில் அதை வைத்து மூன்று மணி நேரம் பின்னால் போய் இரண்டு உயிர்களைக் காப்பாற்றுகிறார்கள். அந்த நூலுக்குள் வைத்துப் பார்த்தால் அது அழகாகப் பூட்டிய முடிச்சு. சிக்கல் அடுத்த நூலில் வருகிறது. அங்கே ஒரு மாணவன் கொல்லப்படுகிறான். பாடம் படிக்கக் கொடுத்த கருவியை உயிரைக் காக்க ஏன் எடுக்கவில்லை? எடுக்க முடியாததற்குக் காரணம் இருக்கலாம். அதைப் பற்றிய பேச்சே எழவில்லை என்பதுதான் குறை. 2003இல் வந்த ஐந்தாம் நூலில் மந்திர அமைச்சகத்துச் சண்டையில் அந்தக் கருவிகள் இருந்த அலமாரி விழுந்து நொறுங்குகிறது. இருப்பு முழுவதும் போய்விட்டது என்று ஆறாம் நூலில் சொல்லப்படுகிறது. ஆசிரியருக்கே உறுத்தியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். விமர்சனத்தில் எழுதும்போது நிகழ்ச்சியை நிகழ்ச்சியாகவும் ஊகத்தை ஊகமாகவும் எழுதுங்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழைத்துவிட்டால் எதிர்த்தரப்பு வாசகர் அந்த இடத்தில்தான் கை வைப்பார்.

இதே வரிசையின் நான்காம் நூலில் இன்னொன்று. கொன்றவனின் மந்திரக்கோலிலிருந்து, கடைசியாகக் கொல்லப்பட்டவர் முதலில் என்ற தலைகீழ் வரிசையில் நிழலுருவங்கள் வெளிவருகின்றன. ஹாரியின் தந்தை முதலில் கொல்லப்பட்டார், தாய் பிறகு. ஆக, தாய்தான் முதலில் வெளிவர வேண்டும். 2000இல் வந்த ஆரம்பப் பதிப்புகளில் தந்தை முதலில் வந்துவிட்டார்! பின்னர் வந்த பதிப்புகளில் திருத்திவிட்டார்கள். ஆகவே குற்றம் சொல்லும் முன் கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று பார்த்து, அதன் ஆண்டையும் குறித்துவிடுங்கள். திருத்தப்பட்ட பிழையை வைத்து இன்றைக்கு முழக்கமிடுவது நன்றாக இருக்காது. என்னைக் கேட்டால், இது கைத்தவறு. முன்னால் சொன்ன கருவி விவகாரம் கட்டுமானக் குறை. இரண்டுக்கும் ஒரே எடை போடாதீர்கள்.

எங்கள் வட்டத்தில் அதிகம் அடிபட்ட தொடர் எரகான். கிறிஸ்டோபர் பயோலினி பதினைந்து வயதில் எழுதத் தொடங்கியது. குடும்பத்தாரே 2002இல் அச்சிட்டு விற்றார்கள். 2003இல் பெரிய பதிப்பகம் எடுத்து வெளியிட்டது. “சின்னப் பையன் எழுதியது, அப்படித்தான் இருக்கும்” என்று ஒருவர் விமர்சனம் கொண்டுவந்தார். திருப்பிக் கொடுத்துவிட்டேன். வயதைப் பாராட்டி விற்றது விளம்பரக்காரர்களின் வேலை. வயதைச் சொல்லி இகழ்வது அதன் மறுபக்கம். நூலின் பக்கங்களில் இருப்பதைப் பற்றிப் பேசுங்கள்.

பக்கத்தில் என்ன இருக்கிறது? முதல் நூலில் பிராம் என்ற கிழவர் ஒரு விதியைச் சொல்கிறார். ஒரு வேலையைக் கையால் செய்ய எவ்வளவு சக்தி செலவாகுமோ அவ்வளவு சக்தி மந்திரத்தால் செய்தாலும் செலவாகும். அளவு மீறினால் உயிர் போகும். எவ்வளவு நல்ல விதி பாருங்கள். மந்திரத்துக்குக் கூலி வைத்தாயிற்று. கதாநாயகன் எரகான் முதன்முதலில் மந்திரத்தால் தாக்கிவிட்டுத் துவண்டுபோகும்போது நமக்கும் மூச்சு வாங்குகிறது. பிறகு 2008இல் வந்த மூன்றாம் நூலில் எல்டுனாரி என்ற ஒன்று நுழைகிறது. டிராகன்கள் தம் உணர்வையும் சக்தியையும் வைத்திருக்கக்கூடிய உள்மணி அது. அதைக் குவித்து வைத்திருப்பவனுக்குச் சக்திப் பஞ்சமே இல்லை. பகையரசனின் அசாத்திய வலிமைக்கு அதுதான் காரணம் என்று தெரிகிறது. விதி உடையவில்லை, உண்மைதான். ஆனால் அந்த விதி தந்த பதற்றம் இளகிவிடுகிறது. இங்கே ‘மாறுகொளக் கூறல்’ என்று எழுதினால் வழக்கு நிற்காது. இரண்டாம் நூலிலேயே, பகையரசனுக்காகப் போரிடும் மர்டாக்கின் வலிமை எல்லோரையும் திகைக்க வைக்கிறது. விதை அங்கேயே போடப்பட்டிருக்கிறது. “முரண் இல்லை, ஆனால் முதல் நூல் கட்டிய கட்டுப்பாடு மூன்றாவதில் தளர்கிறது, ஆபத்தின் எடை குறைகிறது” என்று எழுதினால் யாரும் அசைக்க முடியாது. இப்படி எடை நிறுத்து எழுதும் பழக்கம் வந்துவிட்டால் பாதி விமர்சகர் ஆகிவிட்டீர்கள்.

மிகைபடக் கூறலுக்கு வருவோம். இதை அளக்க எங்கள் பக்கத்தில் ஓர் அருமையான அளவுகோல் உண்டு. தகடூர் என்பது இன்றைய தருமபுரி, அதியமானின் ஊர். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் அங்கிருந்த படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. உன் ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மாளிகையில் இருக்கின்றன. அவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வதுபோல் இகழ்ச்சி. கற்பனைத் தொடரில் வாள் வரும்போதெல்லாம் இந்தப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உறையின் நிறம், கைப்பிடியின் மாணிக்கம், அலகில் ஓடும் ஒளி என்று அரைப் பக்கம் போகிறதா? பீலியும் மாலையும். அந்த வாள் எங்காவது மழுங்குகிறதா, கை மாறுகிறதா? பட்டறை. எரகானின் சிவப்பு வாளுக்கு இரண்டும் உண்டு. மாணிக்கம் பதித்த வருணனையும் இருக்கிறது. முன்பு அது யாருடைய வாள் என்ற சங்கடமும், பிறகு அது கைநழுவிப் போகும் வலியும் இருக்கின்றன. மூன்றாம் நூலில் புதிய வாளை அடிக்கும் பகுதி நீளம் என்று எங்கள் வட்டத்தில் பலர் முகம் சுளித்தார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அங்கே இரும்பு காய்கிறது, சம்மட்டி விழுகிறது, வேலை நடக்கிறது. நீளம் வேறு, மிகை வேறு. நகர்ந்துகொண்டே இருக்கும் நீளத்தை நான் மன்னித்துவிடுவேன். சூரிய உதயத்துக்கு மூன்று அடைமொழி போடுவதை மன்னிக்க மாட்டேன்.

இன்னும் கறாரான அளவுகோல் வேண்டுமானால் தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போய் நடுகற்களைப் பாருங்கள். இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்னார் ஆநிரை கவர்ந்தபோது தொறு மீட்டுப் பட்டான் (மாடுகளை மீட்டு இறந்தான்), இன்னான் கல் என்ற வாய்பாட்டில்தான் எங்கள் பக்கத்து நடுகல் எழுத்துகள் பல இருக்கின்றன. காலம், பகை, செயல், மரணம், பெயர். கல்லில் வெட்டுகிறவனுக்கு ஒவ்வோர் எழுத்துக்கும் கை வலிக்கும். ஒரு போர்க்களக் காட்சியைப் படித்து முடித்ததும் அதை நடுகல் வரிபோல் எழுதிப் பாருங்கள். யார், யாரிடமிருந்து, எதை மீட்க, என்ன ஆனார்? எழுத வரவில்லை என்றால் அந்தக் காட்சியில் சத்தம் மட்டுமே இருந்தது என்று பொருள். அது ‘மயங்க வைத்தல்’. ஓர் இளம்பெண் இதைச் செய்து பார்த்து, நாற்பது பக்கப் போரிலிருந்து தனக்குக் கிடைத்தது “அவன் களைத்தான்” என்ற ஒற்றை வரி என்று எழுதிக்கொண்டு வந்தாள். அதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

தொடர் வெற்றி பெற்றால் புத்தகம் பருக்கும். ஹாரி பாட்டரின் பிரிட்டிஷ் பதிப்பில் மூன்றாம் நூல் 317 பக்கம், நான்காவது 636, ஐந்தாவது 766. பக்க எண்ணிக்கை மட்டும் குற்றம் ஆகாது. ஆனால் துண்டுத் தாள்கள் எங்கே குவிகின்றன என்று பார்க்க இது நல்ல கைகாட்டி. எரகான் தொடர் மூன்று நூல்கள் என்றுதான் அறிவிக்கப்பட்டது. மூன்றாவது நீண்டுகொண்டே போனதால் நான்காகி, 2011இல் முடிந்தது. வீல் ஆஃப் டைம் என்ற 14 நூல் வரிசை இதற்கெல்லாம் தாத்தா. 2003இல் வந்த அதன் பத்தாம் நூலின் பெரும்பகுதி, ஒன்பதாம் நூலின் இறுதியில் நடந்த ஒரே நிகழ்ச்சியின்போது மற்றவர்கள் எங்கெங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று சொல்வதில் போகிறது. சென்று தேய்ந்து இறுதல் என்பதற்கு இதைவிட நல்ல உரை எழுத முடியாது. அடுத்தடுத்த நூல்களில் கதை மீண்டும் வேகம் பிடித்தது என்பதையும் எழுதிவிடுங்கள். ஆசிரியர் 2007இல் காலமாகி, கடைசி மூன்று நூல்களை இன்னொருவர் எழுதி முடித்தார். யார் எழுதிய நூலில் எந்தக் குறை என்று பிரித்துச் சொல்லாவிட்டால் இறந்தவர் தலையில் உயிரோடு இருப்பவரின் பழி விழும், அல்லது மறுதலையாக.

“காப்பி அடித்திருக்கிறார்” என்ற குற்றச்சாட்டை ஆறப் போட்டு எழுதுங்கள். பண்ணையில் வளரும் அநாதைப் பையன், கொல்லப்படும் மாமா, ரகசியம் மறைத்துப் பாடம் சொல்லித்தந்து இறந்துபோகும் கிழவர், சிறைப்பட்ட இளவரசி, மறைந்து வாழும் கிளர்ச்சிப் படை: எரகானின் முதல் நூலுக்கும் 1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான் என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாம் நூலில் மறைவிடத்துக் குரு ஒருவரும், பகைவன் வாயால் வெளிப்படும் உறவும் வருகின்றன. அவையும் அடுத்த படத்தில் உண்டு. ஒற்றுமைகளை அட்டவணை போடுவது எளிது. ஆனால் ஒரே இராமகதையைத்தான் வால்மீகிக்குப் பின் கம்பரும் பாடினார்; எலும்புக்கூடு ஒன்று என்பதால் கம்பரை யாரும் குறை சொல்வதில்லை. ஆகவே அட்டவணையோடு நிற்காமல், எடுத்ததன் மேல் என்ன சேர்த்தார் என்று கேளுங்கள். எரகான் ஒரு குழந்தைக்கு ஆசி சொல்கிறான். பழைய மொழியில் ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னதால் அந்த ஆசி சாபமாகி, பிறர் துன்பத்தையெல்லாம் தாங்கும் பெண்ணாக அவள் வளர்கிறாள். முதல் நூலில் சாதாரணமாகக் கடந்துபோன இடம், இரண்டாவதில் வந்து அறைகிறது. அது இரவல் வாங்கியதுபோல் எனக்குத் தெரியவில்லை. இதை எழுதாமல் இரவல்களை மட்டும் பட்டியலிடுகிறவரின் விமர்சனத்தை நான் நம்புவதில்லை.

மொழிபெயர்ப்பில் படித்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஹாரி பாட்டர் தமிழிலும் வந்திருக்கிறது. தமிழில் படித்துவிட்டு “வாக்கியங்கள் இழுக்கின்றன” என்று மூல ஆசிரியரைத் திட்ட முடியாது. கதைப்போக்கு, பாத்திரம், விதிகள் இவற்றைப் பற்றிப் பேசலாம். வாக்கியத்தைப் பற்றிப் பேச மூலம் வேண்டும். திரைப்படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை விமர்சிப்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

இனி எழுதும் வேலை. முதல் பத்தியில் கதைச் சுருக்கம் வேண்டாம்; எந்தக் குற்றத்தைக் காட்டப் போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். பத்துக் குற்றமும் தேட வேண்டாம், இரண்டு போதும். குற்றத்தின் பெயர், நூலும் பக்கமும், அங்கே நடப்பது, அது வாசகருக்கு என்ன செய்கிறது என்று போங்கள். கடைசிதான் பலர் விட்டுவிடும் இடம். விதி மாறிவிட்டது, சரி. அதனால் எனக்கு என்ன போயிற்று? அவன் பிழைப்பானோ மாட்டானோ என்ற பயம் போயிற்று. அதை எழுதுங்கள். முடிவை முன்கூட்டியே போட்டு உடைப்பதாக இருந்தால் தலைப்பிலேயே எச்சரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் படிக்காத பிள்ளைகளின் சாபம் உங்களைச் சும்மா விடாது.

எழுதியதை அந்தத் தொடரை உயிராக நேசிக்கும் ஒருவரிடம் முதலில் வாசித்துக் காட்டுங்கள். எந்த வரியில் அவர் “அப்படி இல்லை” என்று குறுக்கிடுகிறாரோ அங்கே பக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். “நீங்கள் ஒரு நாவல் எழுதிக் காட்டுங்களேன்” என்பார். வாதாடாதீர்கள், அடுத்த பத்தியை வாசியுங்கள். பிறகு அதே பத்துக் குற்றத் தாளை எடுத்து உங்கள் விமர்சனத்தின் மேல் வையுங்கள். பெரும்பாலும் மிகைபடக் கூறல்தான் முதலில் அகப்படும்: ‘மிகவும்’, ‘படு’, ‘சுத்தமாக’, ‘கொஞ்சம்கூட’. அவற்றை அடித்துவிட்டு மீதியைப் படித்துப் பார்த்து அனுப்புங்கள்.